சூரியனுக்கு முதுகு காட்டிய பேனல்

அந்தப் பேனல்களை நான் வேண்டுமென்றேதான் தப்பாக மாட்டினேன். தெருவில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். புருஷன் படுத்ததும் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். அவர் இல்லாமல் இவளுக்கு ஒரு போல்ட் முடுக்கத் தெரியாது என்றும் சொன்னார்கள். பேசட்டும். பேசுகிற வாய்க்கு வரியா போடுகிறார்கள்? ஆனால் போல்ட் விஷயத்தில் மட்டும் எனக்கு வயிறு எரிந்தது. இந்த ஊரில் பாதிக் கூரைகளில் இருப்பது நான் முடுக்கிய போல்ட்.

வீட்டுக் கூரைகளில் சோலார் பேனல் மாட்டுவது எங்கள் தொழில். எங்கள் என்றால் நான், என் வீட்டுக்காரர், அவருடைய தம்பி. வீட்டுக்காரருக்குத் தொழிலில் 'தூக்குக்குண்டு' என்று பெயர். எங்கள் மகளின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் கோணமானி ஒன்று வைத்திருப்பார். அதன் நடுவில் ஒரு நூலைக் கட்டி, நூலின் நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டிருப்பார். பேனலின் விளிம்போடு கோணமானியைச் சேர்த்துப் பிடித்தால், நட்டு கனத்துக்கு நூல் நேராகத் தொங்கும். நடுக்கோட்டிலிருந்து நூல் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதுதான் சாய்வு. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயாயிற்று, அவளுடைய கோணமானி இன்னும் கூரை ஏறிக்கொண்டிருந்தது. "போன்லயே அளக்கலாமே அண்ணா" என்று தம்பி சொன்னால், "போன் பொய் சொல்லும்டா, நட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பார்.

எங்களுக்குள் சண்டையே இந்தச் சாய்வை வைத்துத்தான். பேனலைப் படுக்கப் போட்டாலும் ஆகாது, நிமிர்த்தி நிறுத்தினாலும் ஆகாது. வெயில் காலத்தில் சூரியன் உச்சந்தலைக்கு ஏறிவிடும். குளிர் காலத்தில் சரிந்து கீழே வந்துவிடும். பேனல் மட்டும் போட்ட இடத்தில் கிடக்கும். அதை எந்தச் சாய்வில் வைப்பது?

"இருபது டிகிரி" என்பார் அவர். "வருஷம் முழுக்கக் கூட்டிப் பாரு, இருபதுதான் ஜெயிக்கும்."

"வருஷக் கணக்கா வந்து விளக்கு எரிக்கப் போகுது? பகல் சுருங்குற மாசத்துலதான் கரண்ட் பத்த மாட்டேங்குது. பசிக்கிறப்ப போடாத சோறு எதுக்கு? முப்பத்தஞ்சு வைங்க. தூசியும் மழையில தானா வழிஞ்சிடும்."

"காத்து தூக்கிட்டுப் போயிடும்."

"நல்லா முடுக்கினா போகாது. முடுக்குறது நானு."

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், அதுதான் வினையே. ஊரார் கூரைகளில் பெரும்பாலும் அவர் சொன்ன இருபதையே வைத்தோம். எங்கள் பட்டறைக் கூரையில் இருந்த நான்கு பேனல்களுக்குத்தான் தீர்ப்பே கிடையாது. கடைசியில் அவரே ஒரு ஸ்டாண்ட் செய்தார். பின்காலில் வரிசையாக ஓட்டைகள் போட்டு, போல்ட்டை எந்த ஓட்டையில் மாட்டுகிறோமோ அதற்கேற்பப் பேனல் சாய்கிற மாதிரி. சமாதானத்துக்காகச் செய்தது, சண்டைக்கு வசதியாகப் போயிற்று. அவர் கடைத்தெருவுக்குப் போனால் நான் ஏணி போட்டு முப்பத்தைந்துக்கு ஏற்றுவேன். நான் குளிக்கப் போனால் அவர் இருபதுக்கு இறக்குவார். தம்பியைக் கேட்டால், "அண்ணி, நான் எந்தக் கட்சியும் இல்ல, எனக்குச் சோறு போட்டா போதும்" என்று நழுவிவிடுவான்.

மற்ற நேரங்களில் நான் அவரை 'என்னங்க' என்பேன். சண்டை முற்றினால் 'யோவ்'. அவர் என்னை 'மேஸ்திரி' என்பார். 'யோவ்', 'மேஸ்திரி' இரண்டும் வீட்டில் கேட்டால் நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று அர்த்தம்.

ஒரு நாள் காலை டீ குடித்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து டம்ளர் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வலது கை அசையவில்லை, வாயில் வார்த்தை வரவில்லை. போய்விட்டது என்று சொல்லாதீர்கள், வரும், ஆனால் வரவழைக்க வேண்டும் என்றார் டாக்டர். முதல் சில மாதங்கள்தான் முக்கியமாம். இப்போது பயிற்சியை விட்டுவிட்டால் கை மரக்கட்டையாக நின்றுவிடுமாம்.

பட்டறையை ஒட்டிய அறையில், ஜன்னல் ஓரமாக அவருக்குக் கட்டில் போட்டோம். படுத்தபடியே பார்த்தால் முற்றம் தாண்டிப் பட்டறைக் கூரையும், அதன் மேல் நான்கு பேனல்களும் பக்கவாட்டில் தெரியும். அவர் எதையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, நல்ல பொறுமைசாலி. "அப்பா, இந்தப் பந்தை அமுக்குங்க பார்ப்போம்" என்பாள். பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போகும். "அப்பா, கொஞ்சம் தூக்குங்க" என்பாள். கண்ணை மூடிக்கொள்வார். கெஞ்சினேன், மிரட்டினேன். மகளைப் போனில் அழவைத்தும் பார்த்தேன். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஸ்பூனில் கஞ்சியைக் கொண்டுபோனால் வாயைத் திறப்பார், அதுவும் எனக்காக.

ஒரு நாள் அந்தப் பெண் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "அம்மா, நான் தூக்கினா அது என் பலம்தான். அவருக்கா தூக்கணும்னு தோணணும். எதுலயாவது அவருக்குப் பிடிப்பு இருக்கா?"

என்னோடு சண்டை போடுவதில்தான் அவருக்குப் பிடிப்பு. இப்போது அதுவும் இல்லை. நான் எது சொன்னாலும் தலையாட்டுகிறார். ஜன்னலைச் சாத்தவா, தலை ஆடும். திறக்கவா, அதற்கும் ஆடும். எனக்குப் பயமாக இருந்தது. கை வராவிட்டாலும் போகட்டும், பேச்சு வராவிட்டாலும் போகட்டும், என்னை எதிர்த்து நிற்கிற அந்த மனுஷன் எனக்கு வேண்டும். அவர் படுத்த நாளிலிருந்து நான் அவரை ஒரு முறைகூட 'யோவ்' என்று கூப்பிடவில்லை. திருப்பித் திட்ட முடியாதவரை எப்படிக் கூப்பிடுவது?

இப்படி இருக்கும்போதுதான் தம்பி பேனல்களைக் கழுவக் கூரை ஏறினான். கழுவுவதற்கு வசதியாக ஒன்றைக் கழற்றிப் படுக்க வைத்தவன், திருப்பி மாட்டும்போது போல்ட்டை அடி ஓட்டையில் சொருகிவிட்டான். மூன்று பேனல் ஒரு சாய்விலும், ஒன்று மட்டும் சப்பையாகவும் நின்றன. நான் அப்போது அவருக்குத் தலையணை மாற்றுவதற்காக ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்க வைத்திருந்தேன். "அட மடையா!" என்று கத்த வாயைத் திறந்தேன். தற்செயலாக அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் புருவம் சுருங்கியிருந்தது.

கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சுருக்கம் தெரியும். எவனாவது கோணலாக மாட்டிய பேனலைத் தெருவில் பார்த்தால், பைக்கை நிறுத்திவிட்டு இப்படித்தான் பார்ப்பார். நான் வாயை மூடிக்கொண்டேன். தம்பி இறங்கி வந்து, "ஐயோ, தப்பா போட்டுட்டேன் அண்ணி, மாத்திடறேன்" என்றான்.

"மாத்தின, கையை முறிச்சிடுவேன். அப்படியே இருக்கட்டும்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

மறுநாள் நானே ஏறினேன். இரண்டாவது பேனலை உச்சி ஓட்டைக்கு ஏற்றினேன், மூன்றாவதை நடுவில் விட்டேன். பல் விழுந்த வாய் மாதிரி ஆயிற்று கூரை. இறங்கி வந்து பார்த்தால் அவர் தானாகவே சுவர்ப் பக்கத்திலிருந்து ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, கூரையைத்தான் பார்த்தார். நான் ஒன்றும் தெரியாதவள் போல, "இப்பதான் பார்க்க அழகா இருக்கு, இல்லீங்க?" என்றேன். தலை ஆடவில்லை. எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

அப்புறம் தினம் ஒன்று செய்தேன். கடைசியில் துணிந்து, கடைசிப் பேனலை ஸ்டாண்டோடு கழற்றி, சூரியனுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்தேன். தொழில் தெரிந்த எவளும் கனவில்கூடச் செய்ய மாட்டாள். போல்ட்டை முடுக்கும்போது எனக்கே கை கூசியது. புது ஆட்கள் எங்கள் வேலையைப் பார்க்க வந்தால் அந்தக் கூரையைத்தான் காட்டுவோம். அதை இந்தக் கோலத்தில் வைத்துவிட்டு, மானம் கப்பலேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் பேட்டரியில் சார்ஜ் இல்லாமல் விளக்கு அழுது வடிந்தது.

"அண்ணி, லைட் மங்குது" என்றான் தம்பி.

"மங்கட்டும். சோறு வாய்க்குப் போற வழி தெரியுதில்ல, சாப்பிடு."

எதிர்ச்சாரியில் பேக்கரி வைத்திருப்பவர் தன் கடைக்குப் பேனல் போடுவதாக எங்களிடம் சொல்லி வைத்திருந்தார். ஒரு நாள் ஒரு பை நிறையப் பன்னோடு என் வீட்டுக்காரரைப் பார்க்க வந்தார். முற்றத்தில் நின்றவர் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னக்கா இது, கடைசிப் பேனல் கோவிச்சுக்கிட்டுத் திரும்பி உக்காந்திருக்கு?" என்றார்.

ஜன்னல் திறந்திருந்தது. அவருடைய கட்டில் இரண்டு கை தூரம். நான் குரலை உயர்த்தினேன்.

"நான் என்னங்க செய்யறது? எல்லாம் எங்க வீட்டுக்காரர் சொன்ன கோணம்தான். அவர் சொன்னா சொன்னதுதானே. உங்க கடைக்கும் இதே மாதிரிதான் போடச் சொல்லியிருக்காரு."

'படார்' என்று ஒரு சத்தம். இடது கையால் கட்டில் சட்டத்தில் ஓங்கி அடித்திருந்தார். கூடவே தொண்டையிலிருந்து, "ஏ... ஏஏ!" பேக்கரிக்காரர் பன் பையைக் கீழே போட்டுவிட்டார். முகம் சிவந்து, கண் இரண்டும் பிதுங்கி, கட்டிலிலிருந்து அவர் என்னை முறைத்தார் பாருங்கள், அந்த முறைப்புக்காக நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். பட்டறைக்குப் பின்னால் ஓடிப்போய்த் துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதேன். அப்படி ஒரு நிம்மதி.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கட்டிலுக்கு எதிரே நின்றேன்.

"என்ன கோபம்? நான் முடுக்குற ஆளு, எனக்கு என்ன தெரியும்? எந்தக் கோணம்னு காட்டுங்க, வெச்சுடறேன்."

உடனே இடது கையைத் தூக்கினார்.

"அது வேணாம். அந்தக் கை நல்லாதானே இருக்கு, அது எதை வேணா காட்டும். நீங்க அளக்குற கை வலது கை. அதுல காட்டுங்க. அதுவரைக்கும் பேனல் இப்படியேதான் நிக்கும். ஊரு சிரிச்சா சிரிக்கட்டும், உங்க பேரைத்தான் சொல்லிச் சிரிப்பாங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இத்தனை வருஷத்துச் சண்டையும் இருந்தது. நான் அசையவில்லை. எனக்கு மட்டும் பிடிவாதம் இல்லையா?

பயிற்சி கொடுக்கிற பெண் அடுத்த முறை வந்தபோது, அறையிலிருந்து ஓடிவந்தாள். "அம்மா, என்ன பண்ணீங்க? இன்னிக்கு அவரே இடது கையால வலது கையை எடுத்து என் மடியில வெச்சாரு!" நான் கூரையைக் காட்டினேன். அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பந்தை அவர் கடைசிவரை தொடவில்லை. விரல் பயிற்சிக்கும் பிடி கொடுக்கவில்லை. முழங்கையைப் படுக்கையில் ஊன்றி முன்கையைத் தூக்குகிற ஒரு பயிற்சிதான், அதை மட்டும் விடாமல் செய்தார். முதலில் கை படுக்கையை விட்டு எழும்பவே இல்லை, தோள்தான் துடித்தது. பிறகு ஒரு காகிதம் நுழைகிற அளவுக்கு எழும்பியது. பொத்தென்று விழும். உடனே ஜன்னலைப் பார்ப்பார், அந்தத் திரும்பி உட்கார்ந்த பேனலைப் பார்ப்பார், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்குவார். வேர்த்துக் கொட்டும். துடைக்கப் போனால் தலையால் என்னைத் தள்ளுவார். நான் சமையலறைக்குப் போய், பாத்திரத்தை உருட்டிக்கொண்டு ஒட்டுக் கேட்பேன். கை விழுகிற சத்தம் கேட்டால், இன்னும் முயற்சி செய்கிறார் என்று அர்த்தம். சத்தம் நின்றால் எட்டிப் பார்ப்பேன்.

இதற்குள் குளிர் காலம் வந்துவிட்டது. பகல் சுருங்கி, சூரியன் எதிர்வீட்டுக் கூரையை உரசிக்கொண்டு போக ஆரம்பித்தது. விளக்கு மங்குவது இன்னும் மோசமாயிற்று. பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தால், "அண்ணன் எழுந்ததும் பார்த்துக்கலாம் அக்கா" என்று வேறு பக்கம் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்ன 'எழுந்ததும்' என்ற வார்த்தையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒரு காலை நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலிலிருந்து, "ஏ... ஏஏ" என்று சத்தம். ஓடினேன். தம்பியும் பின்னாலேயே வந்தான். அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது முழங்கையை ஊன்றி, முன்கையைப் படுக்கையிலிருந்து தூக்கி, அந்தரத்தில் பிடித்திருந்தார். நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் விழவில்லை. கண்ணால் பட்டறையைக் காட்டினார்.

பட்டறைக்கு ஓடி, ஆணியில் மாட்டியிருந்த கோணமானியை எடுத்தேன். அவர் படுத்ததிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை, நூலில் தூசி படிந்திருந்தது. அவர் கையின் ஓரத்தோடு சேர்த்துப் பிடித்தேன். கை நடுங்க, நூலும் ஆடியது. நட்டு அங்குமிங்கும் போய்வந்தது. "மெதுவா, மெதுவா, அவசரமில்ல" என்று யாரோ சொன்னார்கள். நான்தான் சொல்லியிருப்பேன். நூல் மெல்ல அடங்கி நின்றது.

இருபது.

"தெரியுமே!" என்றேன். "இந்தப் பிடிவாதம் எங்க போகும்? தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால். செத்தாலும் இருபதுதான்!" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

கை மறுபடி ஏற ஆரம்பித்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. இடது கை தாங்கிப் பிடிக்கத் தானாக வந்தது, அதை அவர் தொடைக்கு அடியில் செருகி உட்கார்ந்துகொண்டார். நூல் ஒவ்வொரு கோடாக நகர்ந்தது. தம்பி வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தவன், முப்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டான். நூல் நின்றது. கையை அப்படியே பிடித்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார்.

முப்பத்தைந்து.

என் கோணம். இத்தனை வருஷமாக, நான் குளிக்கப் போகும்போதெல்லாம் அவர் இறக்கி வைத்த கோணம்.

பகல் சுருங்கிவிட்டது, இப்போது உன் கணக்குதான் சரி என்று சொன்னாரா, இல்லை, நீ பட்ட பாட்டுக்கு நீயே ஜெயித்துக்கொள் என்று சொன்னாரா, எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்கிற நிலையில் அவர் இல்லை. கேட்கிற நிலையில் நானும் இல்லை. அவர் வாய் கோணிக்கொண்டு அசைந்தது. "மே..." என்றது. "மேஸ்..." அதற்கு மேல் வரவில்லை. கை தளர்ந்து விழப் போனதை நான் இரண்டு கையாலும் பிடித்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். அந்தக் கை சூடாக இருந்தது, அதில் உயிர் இருந்தது. கோணமானி எங்கே விழுந்ததென்று பார்க்கவில்லை. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான்.

கொஞ்ச நேரம் கழித்து அவன், "அண்ணி, எல்லாத்தையும் முப்பத்தஞ்சுல போட்டுடட்டா?" என்று கேட்டான்.

"நீ ஏணியைப் பிடி. நான் ஏறறேன்."

கடைசிப் பேனலைச் சூரியன் பக்கம் திருப்பினேன். நான்கையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவந்தேன். போல்ட்டை எடுத்து முப்பத்தைந்தின் ஓட்டை வரை கொண்டுபோனேன். நின்றேன். ஜெயித்துவிட்ட சண்டையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நாளைக்கு அவர் எதற்காகக் கையைத் தூக்குவார்? பேச்சு இன்னும் பாக்கி இருக்கிறது, நடை இன்னும் பாக்கி இருக்கிறது. விளக்கு இன்னும் கொஞ்ச நாள் மங்கினால் யாரும் செத்துவிட மாட்டார்கள். போல்ட்டை இறக்கி, நான்கையும் இருபதில் மாட்டி, நன்றாக முடுக்கினேன்.

கடைசி போல்ட்டை முடுக்கி முடிப்பதற்குள் கீழே கட்டில் 'படார்' என்றது. "ஏ... ஏஏ! மேஸ்... மேஸ்தி..." என்று ஜன்னல் அதிர்ந்தது. தம்பி ஏணியைப் பிடித்தபடி, "அண்ணி, அண்ணன் திட்டறாரு" என்று சிரித்தான்.

ஸ்பேனரை ஜன்னலை நோக்கி நீட்டினேன்.

"யோவ்! தைரியம் இருந்தா நீயே ஏறி வந்து மாத்துய்யா!"